பேசுற போட்டுக்குத் தாகம் எடுக்கும்

எல்லாரும் உக்காந்தாச்சா? அந்த எஞ்சின் பெட்டி மேல இருக்கவரு கொஞ்சம் எறங்கி உக்காருங்க, அது புது எஞ்சின், இன்னும் மந்திரிக்கல. நீங்கல்லாம் எதுக்குக் காதத் தீட்டிட்டு இருக்கியன்னு எனக்குத் தெரியாதாக்கும்? புதுப் போட்ட செபம் சொல்லி மந்திரிக்க வரவேண்டிய சாமியாரு ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டாரு, அதுவரைக்கும் இந்தப் பனைமுனைக்காரன் தஸ்நேவிச விட்டு நாலு பேரு குரல்ல பேசச் சொன்னா பொழுது போயிரும்னு உங்க கமிட்டில ஒரு மகராசன் யோசனை சொல்லிருக்காரு. முன்னால இருக்க அக்கா, ஆயரு தும்முறது எப்படின்னு நான் செஞ்சு காட்டுவேன்னு சேலைத் தலைப்ப வாய்கிட்ட வச்சுத் தயாரா இருக்கிய. பின்னால நிக்க அண்ணாச்சிமாரு, போட்டு கட்டுற முதலாளிய நான் நாறடிப்பேன்னு காத்திருக்கிய. ஓரத்துல கையக் கட்டிட்டு நிக்கவரு, கடல்ல பேய் பேசுச்சுன்னு சொல்லுவான்னு வந்திருக்கிய. ஒருத்தருக்கும் கேட்டது கெடைக்காது. நான் சொல்லப்போறது ஒரு ரோலரோட கதை. இப்ப நான் பேசுறது யாரு குரல்னு சில பேரு கண்டுபிடிக்கப் பாக்கிய பாத்தியளா, அதுவும் வேண்டாம், அது கடைசில தானா வரும்.

நான் கடக்கர ஓரத்துல பொறந்து, கடலப் பாத்தா வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பள. மூணு தடவ எங்கப்பா கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மூணாவது தடவ வரும்போது, "நாம மீனுகிட்ட இருந்து எடுத்ததவிட நீ மீனுக்குக் குடுத்தது கூடுதல்டே"ன்னு சொல்லி, என்னக் கொண்டுபோய் ரெமிஜியுஸ் முதலாளியோட ஃபைபர் போட்டு யார்டுல விட்டாரு. முதலாளி நல்ல மனுசன்தான், ஆனா கொறஞ்ச வெலைக்குப் போட்டு கட்டுறவரு, அஞ்சு அடுக்கு நார் மேட்டு போட வேண்டிய எடத்துல மூணு மேட்டு போடுவாரு, மீதி ரெண்ட மாதா பாத்துக்கிடுவாம்பாரு.

ஃபைபர் போட்டு கட்டுறதுன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. அச்சு இருக்கும், அச்சுக்குள்ள மொதல்ல வழவழன்னு ஒரு பூச்சு, அப்புறம் கண்ணாடி நார்ல செஞ்ச மேட்ட விரிச்சு, ரெசின்னு ஒரு பசைய ஊத்தி, மேல ரோலர ஓட்டணும். ரோலர் எதுக்கு? மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல நிக்க காத்த வெரட்டுறதுக்கு. காத்து நின்னா அந்த எடம் வெள்ளையாத் தெரியும். வெள்ள போற வரைக்கும் ஓட்டணும், ஓட்டிக்கிட்டே இருக்கணும், கை கடுக்க ஓட்டணும், ரெசின் இறுகுறதுக்குள்ள ஓட்டி முடிக்கணும், இருவது நிமிசம் தாண்டிட்டா எந்த மாதா வந்தாலும் அந்தக் காத்து வெளிய போவாது. அந்த இருவது நிமிசத்துலதான் நான் வாயத் தெறப்பேன்.

என்ன செய்ய, நான் வாயத் தெறந்தா அத்தன ரோலரும் நின்னுரும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் போட்டுக்காரங்க வரிசையா வந்து கம்ப்ளெயிண்டு சொல்லிட்டுப் போவாங்க, ஒருத்தரு அடித்தரை மேல்தரைன்னு ரெண்டு தரைக்கும் நடுவுல தண்ணி நிக்குதும்பாரு, ஒருத்தரு எஞ்சின் மாட்டுற பலக ஆடுதும்பாரு, ஒருத்தரு போட்டு இடது பக்கம் சாயுதும்பாரு, "நீரு இடது பக்கம் நின்னா அது வலது பக்கமா சாயும்?"னு முதலாளி கேப்பாரு. திங்கக்கெழம வேல ஆரம்பிச்சதும் நான் அவங்க அத்தன பேரையும் ஒருத்தர் விடாம செஞ்சு காட்டுவேன், மூக்கு சிந்துறது மொதக்கொண்டு. ஏலக்கார கஸ்பாரு, பங்குச் சாமி, மீன்துறை ஆபீசரு, முதலாளியோட மாமியா, எல்லாரும் அச்சுக்குள்ள எறங்கி நிப்பாங்க. சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தன் ரோலர ரெசின் வாளிக்குள்ள போட்டுருவான். அப்படி நின்ன காத்து நின்னது நின்னபடிதான்.

எனக்குச் சொந்தக் குரல் உண்டான்னு கேட்டா, இருந்துச்சு, ஆனா நான் அத வெளிய எடுத்ததில்ல. என் பொண்டாட்டியப் பொண்ணு கேட்டதே எங்க பெரியப்பா குரல்லதான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக்கூட பக்கத்து வீட்டு பெப்பின் குரல்ல என் பாவத்தச் சொல்லிட்டு வந்துருவேன், சாமி பெப்பினக் கூப்புட்டு முப்பது நாள் செபமாலை சொல்லச் சொல்லிருவாரு. அவனும் சொல்லுவான், எதுக்குன்னே தெரியாம. நல்ல மனுசன்.

அந்த பெப்பின் போட்டுதான் மொதல்ல பேசுச்சு. ஒரு வைகாசி மாசம், உச்சி வெயில், வலையப் போட்டுட்டு அவன் கஞ்சி குடிச்சிட்டு இருக்கான், போட்டோட இடது விலாவுல இருந்து லேசா ஒரு செருமல், அப்புறம் கஸ்பாரு குரல்ல, "நூறு, நூறு, நூத்திப்பத்து, யாருவே அங்க, கேக்க மாட்டியளா?" பெப்பின் கஞ்சிச் சட்டியக் கீழ வைக்காம, "இன்னும் வலையே வாங்கல, அதுக்குள்ள என்னவே ஏலம்?"னு கேட்டுட்டு மறுபடி குடிச்சான். கரைக்கு வந்து யார்டுக்குள்ள நொழைஞ்சு ஒரே சத்தம். போட்டு பேசுதுன்னு இல்ல, அது கஸ்பாரு குரல்ல பேசுதேன்னு. "ஏ முதலாளி, ஊர்ல எத்தன நல்ல குரல் இருக்கு. கரையிலயும் அவன், கடல்லயும் அவனா? அதுவும் என் மீனக் கொறச்சுல்லா ஏலம் விடுதான்!"

மறுவாரம் ஏழு போட்டு பேசுச்சு, அந்த மாசக் கடைசில பத்தொம்பது. ஒரு போட்டு பங்குச் சாமி குரல்ல பூசையத் தொடங்கும், வலைய விட்டுட்டு எல்லாரும் சிலுவை போட்டுக்கிட்டு நிப்பாங்க, அதோட அந்தப் போட்டுக்காரங்க ஞாயித்துக்கெழமையும் கடலுக்குப் போவ ஆரம்பிச்சாங்க, நாங்க அங்கயே பூசை கண்டுட்டோம் சாமின்னு. சாமி கோவப்பட்டு கமிட்டியக் கூட்டி, போட்டு சொல்லுற பூசை செல்லாது, ஆனா கேட்டவங்க ஆமென் சொல்லாம இருக்கக்கூடாதுன்னு தீர்ப்பு சொன்னாரு. மீன்துறை ஆபீசரு குரல் இருந்த போட்டுக்கு நல்ல யோகம், அது வாயத் தெறந்தா சுத்தி இருக்க வெளியூர்ப் போட்டெல்லாம் வலைய அறுத்துட்டு ஓடிரும். முதலாளி மாமியா குரல் மாட்டுன போட்டுக்காரன் ரெண்டு மாசத்துல இளைச்சுப் போனான். இதுல பெரிய கூத்து, பழைய போட்டுக்காரங்க சொன்ன கம்ப்ளெயிண்ட நான் செஞ்சு காட்டுனேன்லா, அதெல்லாம் புதுப் போட்டுக்குள்ள நின்னுட்டு. ஒருத்தன் புதுப் போட்ட எறக்கி மூணாவது நாள், "ரெண்டு தரைக்கும் நடுவுல தண்ணி நிக்குது முதலாளி"ன்னு போட்டே சொல்லுது. இவன் பலகையத் தூக்கிப் பாக்கான், தண்ணி நிக்குது. போட்டு பொய் சொல்லாதுன்னு ஊரே மெச்சுச்சு.

பொண்ணு பாக்கப் போற எடத்துல, மாப்பிள போட்டு யாரு குரல்ல பேசும்னு கேக்க ஆரம்பிச்சாங்க. போட்டு பேசாத வீடுன்னா கொஞ்சம் எளப்பம். முதலாளி செவத்துல எழுதியே வச்சுட்டாரு, பேசும் போட்டு இங்கு கட்டித் தரப்படும்னு. பொம்பளைங்க யார்டு வாசல்ல வந்து, என் குரலப் போடுங்க, எங்க அத்த குரலப் போடுங்க, சாராயக் கடைப் பக்கம் திரும்புனா எங்கப்பா குரல் அதட்டணும்னு சொல்லிட்டு நிப்பாங்க. வாந்தி எடுத்ததுக்காகக் கரையில எறக்கிவிடப்பட்ட நான், ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு போட்டுல கடலுக்குப் போனேன். எங்கப்பா கல்லறைக்குப் போயி அவரு குரல்லயே அவருகிட்ட இதச் சொல்லிட்டு வந்தேன்னா பாத்துக்கிடுங்க.

ஒரே ஒரு சங்கடம். பேசுன எடத்துல மறுநாள் தண்ணி கசிஞ்சுது. பெப்பின்தான் வந்து கேட்டான்.

"ஏ தஸ்நேவிசு, கஸ்பாரு பேசுன எடத்துல இருந்து ஒரு வாளித் தண்ணி எறைச்சேன் இன்னைக்கு."

முதலாளி என்னப் பாத்தாரு. நான் பேசுனது அடைஞ்சு கெடக்க காத்து வெயில்ல புடைச்சு, அலை அடிச்சுக் குமிழி ஒடைஞ்சாத்தான் குரல் வெளிய வரும், ஒடைஞ்ச குமிழி பேரு ஓட்டைன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ரோலருக்கும் தெரியும். நான் மெதுவாக் கையக் கட்டிக்கிட்டு, தலையச் சாச்சு, பங்குச் சாமி குரல்ல சொன்னேன்: "மகனே, மணிக்கணக்காப் பேசுனா ஒனக்குத் தாகம் எடுக்காதா? போட்டு தண்ணி குடிக்குது."

பெப்பின், "அதுவும் சரிதான்"னு போயிட்டான். அன்னையில இருந்து ஊர்ல போட்டுக்குப் போட்டு ஒரு வாளி கூடுதலா ஏறுச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி, கரைக்கு வந்தவங்ககிட்ட பொம்பளைங்க, "இன்னைக்கு போட்டு எவ்வளவு குடிச்சுது?"ன்னு கேப்பாங்க. நெறைய குடிச்சா நல்லாப் பேசுன போட்டுன்னு பெருமை. ஏழு வாளி குடிச்ச போட்டுக்காரரு தெருவுல நெஞ்ச நிமித்திட்டு நடப்பாரு.

அப்பத்தான் என் தங்கச்சி ஜெனோவா வந்தா. அவ மாப்பிள, என் மச்சான் வலேரியன், நல்ல கடல்காரன், ஆனா திரும்பி வரத் தெரியாதவன். ஒரு தடவ வலை வாங்குனா, இன்னொரு தடவம்பான். ஜெனோவா கரையில நின்னு நின்னு அவ நிக்க எடத்துல மணலே குழியாப் போச்சு.

"அண்ணே, அவியளுக்குப் புதுப் போட்டு கட்டுதியல்லா? என் குரலப் போடு. ஒண்ணு ரெண்டு இல்ல, போட்டு முழுக்கப் போடு. போதும் வாங்க, போதும் வாங்கன்னு சொல்லிட்டே இருக்கணும்."

தங்கச்சி கேட்டா அண்ணன் இல்லம்பானா? அந்தப் போட்டுல நான் ரோலரத் தொடவே இல்ல. மேட்ட விரிச்சு, ரெசின ஊத்தி, மேட்டு மேல குனிஞ்சு, ஜெனோவா குரல்ல பேசிக்கிட்டே இருந்தேன், "சோறு ஆறுது வாங்க, மேகம் கறுக்குது வாங்க, புள்ளைங்க தேடுது வாங்க, வாங்கன்னா வாங்க"ன்னு, விலாவுல பேசுனேன், மூக்குப் பக்கம் அணியத்துல பேசுனேன், எஞ்சின் பலகையில பேசுனேன், காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் பேசிப் பேசி, அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற ஏராகிட்ட வரும்போது தொண்ட கட்டிப்போச்சு. கூட வேல பாத்த சந்தியாகு, "இங்க முட்ட பெருசுக்குக் காத்து நிக்குண்ணே, குரலும் போடல, ஓட்டிருவமா?"ன்னான். நான் என்னமோ ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்னு மறுநாளே மறந்துட்டேன். ஓட்டல, அது மட்டும் ஞாபகம் இருக்கு.

ஆறு மாசம் போட்டு ஜோராப் பேசுச்சு. வலேரியனும் பதினோரு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துருவான், காதுல பஞ்சு வச்சிக்கிட்டு. ஒம்பது வாளி குடிச்சுது. பனைமுனையில அதுதான் ரெக்கார்டு.

ஒரு நாள் பதினோரு மணிக்கு வரல. பன்னெண்டுக்கு வரல. ரெண்டு மணிக்கு ஊரே கரையில நின்னுச்சு. பெப்பின் தன் போட்ட எடுத்துக்கிட்டுத் தேடப் போனான். ஜெனோவா அந்தக் குழியில நின்னுக்கிட்டு, "என் குரல் கூடத்தான இருக்கு, கூட்டிட்டு வந்துரும்"னு சொல்லிட்டே இருந்தா. கஸ்பாரு என்கிட்ட வந்து, "ஏ தஸ்நேவிசு, நாலு குரல் பேசுவே, சனங்களுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்"னான். நான் வாயத் தெறக்கேன், ஆயரு வரல. ஆபீசரு வரல. எங்க பெரியப்பா கூட வரல. நாப்பத்தேழு வயசுல மொதத் தடவையா என் தொண்டைக்குள்ள ஒருத்தருமே இல்ல.

கூட்டத்துல நிக்க முடியாம, ஐஸ் வேன் நின்ன பக்கம் போனேன். வேன் டயரு பஞ்சரு. ஏரல்ல இருந்து பெரும்படையான்னு ஒரு பஞ்சர்க் கடைக்காரன் பைக்குல வந்து, டியூபக் கழத்தி, பேசின்ல தண்ணி வச்சு முக்கிப் பாத்துட்டு இருந்தான். ஊருக்குப் புதுசு. என்ன யாருன்னே அவனுக்குத் தெரியாது.

"என்னண்ணே ஊர்க்கூட்டம்?"ன்னான்.

"போட்டு வரல,"ன்னேன்.

சொன்ன பெறவுதான் எனக்கே தெரிஞ்சுது, அது என் குரலு. மெலிசா, ஓரத்துல கொஞ்சம் பிசிறோட, ரொம்ப நாளா மடிச்சு வச்ச வேட்டி மாதிரி ஒரு குரலு. என் பொண்டாட்டி பக்கத்துல நின்னுருந்தா, யாரோ வெளியூர்க்காரன் பேசுதான்னு தலைய மூடிருப்பா.

பெரும்படையான் டியூப முக்குனான். ஒரு எடத்துல குமிழி வந்துச்சு, ஒட்டுப் போட்டான். திரும்ப முக்குனான். இன்னொரு எடத்துல, ஊசி முனையளவுக்கு, எப்பவோ ஒண்ணுன்னு ஒரு குமிழி. அவன் மறுபடியும் டியூபத் தொடச்சு ராவ ஆரம்பிச்சான். எனக்கா நிலகொள்ளல. வேன் போனா கூட்டம் கொஞ்சம் கலையுமேன்னு, "போதும்டே, சின்னதுதான, உள்ளதான இருக்கு, யாரு பாக்கப் போறா, மாட்டிவிட்டுரு"ன்னேன்.

அவன் நிமிந்துகூடப் பாக்கல. "காத்து பாக்கும்ணே,"ன்னான்.

அந்நேரம் கடல்ல இருந்து கேட்டுச்சு. "சோறு ஆறுது வாங்க! மேகம் கறுக்குது வாங்க!" ஜெனோவா குரலு. அந்தக் குழியில நின்ன ஜெனோவா வாய மூடிட்டுத்தான் நிக்கா. கர முழுக்க ஓலம் மாதிரி ஒரு சந்தோசம். பெப்பின் போட்டு வருது, அதுக்குள்ள வலேரியனும் கூடப் போன ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க, உப்பு பூத்து, ஒதடு வெடிச்சு, உசிரோட. போட்டு இல்ல. அத்தன விலாவும் ஒரே வெயில்ல பேசிருக்கு, இவங்க எறைச்சு எறைச்சுப் பாத்திருக்காங்க, பத்தாவது வாளிக்கு அது குடிச்ச மட்டும் போதும்னு ரெண்டாப் பொளந்துட்டு. பெட்ரோல் கேனையும் கைக்குக் கெடைச்ச துண்டையும் கட்டிப் பிடிச்சுட்டு மெதந்திருக்காங்க. ஒடஞ்ச துண்டுங்க சுத்தி மெதந்துக்கிட்டு, "வாங்கன்னா வாங்க"ன்னு கத்திட்டே இருந்துச்சாம், பெப்பின் அந்தச் சத்தத்தப் பிடிச்சுத்தான் போயிருக்கான். இப்ப கேட்டது கூட அவன் போட்டுல கெடந்த ஒரு துண்டுதான்.

ஜெனோவா ஓடிப்போயி அவனக் கட்டிக்கிட்டு, அப்புறம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "அண்ணே, நீ போட்ட குரல்தாண்ணே அவியளக் காப்பாத்துச்சு."

அவ்வளவுதான், ஊரு என்னத் தூக்கிட்டு. கஸ்பாரு மாதா கெபியில கெடந்த மாலைய எடுத்துட்டு வந்து என் கழுத்துல போட்டான். ரெமிஜியுஸ் முதலாளி கண்ணத் தொடச்சுக்கிட்டு, இனிமே நம்ம யார்டுல எந்தப் போட்டும் குரல் இல்லாமக் கடல்ல எறங்காதுன்னு எல்லாருக்கும் கேக்க சொன்னாரு. நாலு பேரு அங்கயே போட்டுக்குச் சொல்லி வச்சாங்க. ஜெனோவா சொன்னா, "அண்ணே, இவியளுக்கு அடுத்த போட்டும் நீதான், இதவிட ரெண்டு மடங்கு குரல் போடணும்." நானும் ஆயரு குரல்ல, "எல்லாம் ஆண்டவர் சித்தம் மக்களே"ன்னேன். பாத்தியளா, மால விழுந்ததும் குரல் வந்துட்டு எனக்கு. எல்லாரும் சிரிச்சாங்க.

வலேரியன் பெப்பின் போட்டுல இருந்து ஒரு துண்டத் தூக்கிட்டு வந்து மணல்ல போட்டான். மூணு முழ நீளம். "இதுல சாஞ்சுதான் நான் மெதந்தேன். போட்டுல இது மட்டுந்தான் கடைசி வரைக்கும் வாயே தெறக்கல,"ன்னான். போட்டோட அடித்துண்டு, ஏரா. நடுவுல முட்ட பெருசுக்கு வெள்ளையா ஒரு புடைப்பு.

மணல் கொதிக்குது. எல்லாரும் சுத்தி நின்னு பாக்கோம். புடைப்பு ஏறுது, ஏறுது, பட்டுனு ஒரு சத்தம். அதுக்குள்ள இருந்து ஒரு ஆம்பளக் குரலு, மெலிசா, ஓரத்துல கொஞ்சம் பிசிறோட:

"போதும்டே. அடியிலதான, யாரு பாக்கப் போறா. மேல பெயிண்ட அடிச்சுரு."

கூட்டம் இன்னும் கிட்ட நெருங்கி வந்துச்சு.

"யாருவே அது?"ன்னு கஸ்பாரு கேட்டான், நான் இல்லப்பான்னு தானே சொல்லிக்கிட்டான். முதலாளி, "என் குரல் கொஞ்சம் கனத்த குரலு, எல்லாருக்கும் தெரியும்"னாரு. பெப்பின், "இது நம்ம ஊர்க்குரலே இல்ல, எவனோ வெளியூர்க்காரன் வேலைக்கு வந்துட்டு இப்படிச் செஞ்சுட்டுப் போயிருக்கான்"னான். கூட்டத்துல நின்ன சந்தியாகுவப் பாத்தேன். அவன் தன் காலடியப் பாத்துட்டு இருந்தான். வலேரியன் அந்த ஓட்டைக்குள்ள வெரல விட்டான். வெரல் அந்தப் பக்கம் வெளிய வந்துச்சு. ஜெனோவா அந்த வெரலப் பாத்தா. அவ மொகம் மாறிப்போச்சு.

"எவன் வாயில மண்ணு விழ,"ன்னா. "எவன்னு தெரிஞ்சாவணும் எனக்கு." அப்புறம் என் பக்கம் திரும்புனா. "அண்ணே, இந்தச் சுத்துவட்டாரத்துல நீ அறியாத குரல் உண்டா? நீ சொல்லு. இது யாரு?"

ஊரே என்னப் பாத்துச்சு. மால கழுத்துல அரிக்குது. நான் வாயத் தெறந்தேன், எந்தக் குரல்ல பதில் சொல்லன்னு உள்ள தேடுதேன், ஆயரு வேண்டாம், பெரியப்பா வேண்டாம், பெப்பின் குரல்ல சொன்னா பெப்பினே பக்கத்துல நிக்கான். ஐஸ் வேன் பக்கம், சக்கரத்துல கடைசி நட்ட முறுக்கிட்டு இருந்த பெரும்படையான் தலைய நீட்டிப் பாத்துட்டு, கைய லுங்கியில தொடச்சுக்கிட்டே சொன்னான்:

"என்னத்தத் தேடுதிய? மாலையப் போட்டு நடுவுல நிறுத்திருக்கியல்லா, அந்த அண்ணன் குரல்தான இது? சித்த முந்தி என் டியூபுக்கும் இதையேதான சொன்னாரு."